விதியும் தேற்றமும்

மதுரை மாநகரின் வீதிகளை அறியாதார் யார்? ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று, ஒன்றை ஒன்று சூழ்ந்து, சதுரத்தை ஒட்டிய வடிவில் அமைந்தவை அவை. பக்தனுக்கு அவை தேரோடும் வீதிகள். வணிகனுக்குத் திருவிழாக் கடைவீதிகள். வடிவியல் கற்ற மாணவனுக்கோ, கயிறும் முளையும் கொண்டு எவனோ ஒரு தொழிலாளி மூலை மட்டம் பிடித்த இடங்கள்! அவன் பெயரை நாம் அறியோம். ஆனால் அவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். செங்கோணம் அமைக்கத் தெரிந்தவன், அது ஏன் செங்கோணம் என்று சொல்லவும் தெரிந்தவனா?

திண்ணைப் பள்ளியிலே கணக்கு வாய்ப்பாடமாகத்தான் வந்தது. எண்சுவடியையும் குழிமாற்றையும் சிறுவர்கள் உரக்கச் சொல்லி உருப்போட்டனர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்கு ஒரு விதி தருகிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. அணுவளவும் பிழையில்லாத விதி! போதாயனார் பெயரால் வழங்கும் இன்னொரு செய்யுள், செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு வழி சொல்கிறது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு. குறுகிய பக்கத்தில் பாதியை அதனோடு சேர். வர்க்கமும் வேண்டாம், வர்க்க மூலமும் வேண்டாம்!

பக்கங்கள் 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. பக்கங்கள் 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இதுவும் சரி. உடனே, பிதாகரசை வென்றான் தமிழன் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நம் மேடைகளிலும் உண்டு, தோழர்களே! முழங்குமுன் 15, 8 என்று போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? வர வேண்டியது 17. செய்யுள் தருவது பதினேழே அரைக்கால். 24, 7 என்று போட்டால் 25க்குப் பதில் இருபத்து நாலரை. இரு பக்கமும் பத்துப் பத்தானால், பதினான்குக்கு மேல் வர வேண்டிய இடத்தில் பதின்மூன்றே முக்கால்! 4க்கு 3, 12க்கு 5 என்ற இரண்டே விகிதங்களில்தான் இவ்விதி முற்றும் பொருந்தும், வேறெங்கும் பொருந்தாது. இருபடிச் சமன்பாடு கற்ற மாணவன் இதை ஒரு தாளில் காட்டிவிடுவான்.

விதியைக் கண்டவனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மரம் அறுக்கும் தச்சனுக்கு இந்தத் தோராயம் போதும். கூர்மதியாளன் கண்ட குறுக்குவழி அது. குறை எங்கே இருக்கிறது என்றால், முழுச் சரியான வட்ட விதியும், தோராயமான கர்ண விதியும் ஒரே கோலத்தில், ஒரே குரலில், பெரியோர் வாக்கு என்ற ஒரே முத்திரையோடு மாணவனை அடைந்தன. எது மெய், எது ஏறத்தாழ மெய் என்று பிரித்தறியும் கருவி அவன் கையில் தரப்படவில்லை. விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே தலையெழுத்து என்றும் பொருள் உண்டல்லவா? கணக்கு விதியும் அப்படியே ஏற்கப்பட்டது.

இதிலே உழவனுக்கு என்ன இழப்பு என்பீர்கள். நான்கு பக்கமும் சமமில்லாத நிலத்தை அளக்க ஒரு பழைய முறை உண்டு. எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு; அவ்விரு பாதிகளையும் பெருக்கு. எகிப்தில், எட்ஃபு கோயில் சுவரின் நிலக்கணக்குகளில் இம்முறை காணப்படுகிறது. கி.பி. 628இல் பிரம்மகுப்தரும் இதைச் சொன்னார். பருமட்டானது என்று சொல்லியே சொன்னார். மாடக்குளம் கண்மாயின் கீழும், வண்டியூர்க் கண்மாயின் கீழும் வாய்க்கால் வளைந்தபடி வரப்பும் வளையும். பக்கம் ஒவ்வொன்றும் பத்துக் கோல் நீளமுள்ள சாய்ந்த வயல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இம்முறைப்படி அது 100 குழி, அதாவது ஒரு மா. மூலைக்கோணம் 60 பாகையானால் உண்மைப் பரப்போ 87 குழிகூட இல்லை. இல்லாத 13 குழிக்கும் வரி! இந்தப் பிழை ஒருநாளும் உழவன் பக்கம் சாயாது. எப்போதும் மிகுத்தே காட்டும். எப்போதும் என்று எப்படித் துணிந்து சொல்கிறேன்? விதியைக் கற்றவனால் சொல்ல முடியாது. தேற்றம் கற்றவனால் முடியும்.

தேற்றம் பிறந்த கதைக்கு நாம் கடல் கடக்க வேண்டும். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் கற்பித்தவர் யூக்ளிட். பிற்காலத்தில் அதே துறைமுகத்துக்குத்தான் முசிறியின் சரக்கு சென்றது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்த ஓலை ஒன்று இன்றும் அதற்குச் சான்று. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்தி நின்ற யவனரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொன் வந்தது, மது வந்தது, வாள் வந்தது. யூக்ளிடின் நூல் மதுரைச் சிறுவன் கைக்கு வந்ததோ 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலப் பள்ளியின் பாடமாக! அதற்கு முன், 18ஆம் நூற்றாண்டில், ஜெய்சிங் மன்னருக்காக ஜகந்நாத சாம்ராட் அதை அரபியிலிருந்து வடமொழியில் ஆக்கினார். அம்மொழி எத்தனை பேருக்குத் திறந்த கதவு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பதின்மூன்று பகுதிகள், 465 முடிவுகள் கொண்டது அந்நூல். அத்தனைக்கும் அடித்தளம் புள்ளி, கோடு முதலியவற்றின் வரையறைகள் 23, பொது உண்மைகள் 5, எடுகோள்கள் 5. இரு புள்ளிகளை இணைத்து நேர்கோடு வரையலாம், செங்கோணங்கள் யாவும் சமம், இப்படிப்பட்டவையே எடுகோள்கள். கிரேக்கச் சொல்லின் பொருள் 'கோரிக்கை' என்பது. நம்பு என்று ஆணையிடவில்லை யூக்ளிட். இவற்றை ஒப்புகிறாயா என்று கேட்கிறார். ஒப்பினால், படிப்படியாக ஏறி, 47ஆம் முடிவில் கர்ணத்தின் உண்மை நிற்கிறது, எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும். தேறித் தெளிவது தேற்றம். நம் மொழியின் சொல் எவ்வளவு பொருத்தம்!

ஆனால் நிறுவல் யவனர்க்கே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். அண்டை நாட்டில், 1530ஐ ஒட்டி, ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷையில் காரணங்களை மலையாளத்தில், மக்கள் மொழியில், எழுதி வைத்தார்.

"எடுகோளை நிறுவாமல் ஏற்கிறாயே, அது மட்டும் நம்பிக்கை இல்லையா?" என்பான் ஒரு வைதீக நண்பன். நல்ல கேள்வி; மழுப்பக் கூடாது. ஆம், நிறுவாமல்தான் ஏற்கிறோம். ஆனால் எத்தனை என்று எண்ணி, வெளிப்படையாக எழுதி வைத்து ஏற்கிறோம். வேண்டாமெனில் விலக்கவும் உரிமை உண்டு. இணைகோடு பற்றிய ஐந்தாம் எடுகோளை 1829இல் லொபசேவ்ஸ்கியும் 1832இல் போயாயும் விலக்கிப் பார்த்தனர். வானம் இடிந்து விழவில்லை. புதிய வடிவியல் பிறந்தது. 1899இல் ஹில்பர்ட், புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றுக்கு வரையறையே தராமல், அவற்றிடையே உள்ள உறவுகளை மட்டும் எடுகோள்களாக்கி வடிவியலை மீண்டும் கட்டினார்.

யானைமலை உச்சியிலிருந்து பாருங்கள், வையைச் சமவெளி தட்டையாகத்தான் தெரியும். ஆனால் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, குமரிவரை நீளவிருந்த முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன், முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைச் சற்றே மிஞ்சும் என்று கணக்கிட்டே நடந்தார். பூமி உருண்டை, ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் முக்கோணத்துக்கு ஒரு விகலை மிகும். எந்த எடுகோள் எங்கே பொருந்தும் என்று அறிந்தவனுக்கே அந்த ஒரு விகலை தெரியும்.

இனி, வயலுக்கு வருவோம். வரப்பின் நான்கு பக்கங்களும் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்க. ஒரு முக்கோணத்தின் பரப்பு அதன் இரு பக்கப் பெருக்கத்தில் பாதியை மிஞ்சாது. செங்குத்து உயரம் சாய்ந்த பக்கத்தைவிட நீளாதல்லவா? ஒரு மூலைவிட்டத்தால் வயலை வெட்டினால், பரப்பு அ×ஆ, இ×ஈ ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதியை மிஞ்சாது. மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால், ஆ×இ, ஈ×அ ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதியை மிஞ்சாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பழைய முறை தரும் தொகையே எல்லையாக வந்து நிற்கும். உண்மைப் பரப்பு அதைத் தாண்டாது. சமமாவது, நான்கு மூலையும் செங்கோணமானால் மட்டுமே.