எல்லை பிறந்த நாள்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1, வியாழக்கிழமை. முந்தைய நாள் இரவு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் உறங்கப்போன தோவாளைக்காரர், விடியும்போது சென்னை மாநிலத்துக்காரர் ஆகியிருந்தார். சென்னை மாநிலத்தில் உறங்கிய கோழிக்கோட்டுக்காரர் கேரளத்தில் எழுந்தார். மங்களூர்க்காரரும் கொள்ளேகால்காரரும் மைசூரில் எழுந்தார்கள். ஒருவரும் வீட்டை விட்டு நகரவில்லை. நில வரி கட்டும் அலுவலகமும், வழக்கு நடக்கும் உயர் நீதிமன்றமும், பிள்ளைகள் படிக்கப்போகும் பாடமொழியும் நகர்ந்துவிட்டன.

மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. பசல் அலி தலைமையில் குன்சுருவும் கே.எம். பணிக்கரும் இடம்பெற்ற ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. பதினாறு மாநிலங்கள் வேண்டும் என்றது ஆணையம். நாடாளுமன்றத்தில் பேசி முடித்தபோது பதினான்கு மாநிலங்களும் ஆறு ஒன்றியப் பகுதிகளும் மிஞ்சின. தென்னிந்தியாவின் இன்றைய வரைபடம் பெரும்பாலும் அந்த ஒரு நாளின் வேலை.

நவம்பர் 1ஆம் தேதிக்கு ஆட்சி மாற்றம் புதிதும் இல்லை. அதற்குச் சரியாக 98 ஆண்டுகளுக்கு முன், 1858 நவம்பர் 1 அன்று, அலகாபாத்தில் கானிங் பிரபு விக்டோரியா அரசியின் பிரகடனத்தை வாசித்தார். 1857 எழுச்சியின் சூடு ஆறாத நேரம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்தது, இனி அரசியே ஆள்வார் என்பதுதான் செய்தி. மத விவகாரங்களில் தலையிட மாட்டோம், இனமோ சமயமோ பாராமல் தகுதிக்கேற்ப அரசுப் பதவி தருவோம் என்ற வாக்குறுதிகளும் அதில் இருந்தன. அந்த வாக்குறுதிகளை ஆட்சியாளர்கள் மறந்தாலும் இந்தியர்கள் மறக்கவில்லை. காங்கிரசின் தொடக்ககாலத் தலைவர்கள் உயர் பதவிகளில் இந்தியர்களுக்கு இடம் கேட்டபோதெல்லாம் இந்தப் பிரகடனத்தைத்தான் எடுத்துக்காட்டினார்கள். அடக்கி ஆள எழுதிய ஓர் ஆவணம் உரிமை கேட்பவர்களின் கைக்குப் போனது இந்திய வரலாற்றின் முக்கியமான திருப்பங்களில் ஒன்று.

அடுத்த பெரிய நவம்பர் 1 புதுச்சேரியில் நடந்தது.

1947இல் இந்தியா விடுதலை அடைந்த பிறகும் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தன. சந்திரநாகூர் 1949இல் வாக்கெடுப்பு நடத்தி மறு ஆண்டு வெளியேறியது. மற்றவை இழுத்துக்கொண்டே போயின. புதுச்சேரியின் நில அமைப்பே விசித்திரமானது. அது துண்டு துண்டாகத் தென்னாற்காட்டு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. ஒரு கிராமம் பிரான்சு, பக்கத்துக் கிராமம் இந்தியா. சுங்கக் கெடுபிடி இறுகியபோது உறவுக்காரர் வீட்டுக்குப் போவதே எல்லை தாண்டும் காரியமானது. 1954 ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் போராட்டக்காரர்கள் வசம் வந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா நீண்ட காலம் முன்னின்று நடத்திய இயக்கத்தோடு, அதுவரை பிரெஞ்சுச் சார்பில் நின்ற எதுவார் குபேரும் இந்திய அணிக்கு மாறியது நிலைமையைத் திருப்பியது.

அந்த ஆண்டு மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் பிரதமரான மெண்டெஸ் பிரான்ஸ், கையை விட்டுப் போவதைக் கௌரவமாகக் கொடுத்துவிடுவது மேல் என்று கருதியவர். 1954 அக்டோபர் 18 அன்று விழுப்புரம் பக்கத்து எல்லைக் கிராமமான கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, ஆட்சி கைமாறியது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் காலையில் பூசைக்குப் போகும் அந்தத் திருநாளில்தான் சுமார் இருநூற்றெண்பது ஆண்டுப் பிரெஞ்சு உறவு முறிந்தது. இடையில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிடித்துவைத்திருந்த ஆண்டுகளைக் கழித்தாலும் அது பல தலைமுறைகளின் காலம்.

அதே தேதியில், அதே திருநாளின் பின்னிரவில், மத்தியதரைக் கடலின் தென்கரையில் வேறொரு கதை தொடங்கியது. அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி நாட்டின் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிரெஞ்சு நிலைகளைத் தாக்கியது. அங்கே விடுதலைக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. லட்சக்கணக்கான உயிர்கள் போயின. ஒரே பேரரசு, ஒரே நாள். ஓரிடத்தில் கையெழுத்தும் இன்னோரிடத்தில் துப்பாக்கியும். அல்ஜீரியாவில் பத்து லட்சம் அளவுக்கு ஐரோப்பியக் குடியேறிகள் இருந்தார்கள், அந்த நிலத்தைப் பிரான்சின் பகுதியாகவே பாரீஸ் எண்ணியது. புதுச்சேரியில் இரண்டும் இல்லை. அமைதியான கைமாற்றத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பிரான்சின் பெருந்தன்மையைப் பேசுவது போராடியவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

1954இல் மாறியது நிர்வாகம் மட்டுமே. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற விதியால், புதுச்சேரித் தெருக்களில் இன்றும் தமிழ் பேசும் பிரெஞ்சுக் குடிமக்கள் வாழ்கிறார்கள். எந்த நாளை விடுதலை நாள் என்று கொண்டாடுவது என்பது நீண்ட காலம் தீராத கேள்வியாக இருந்தது. 2014 முதல் புதுச்சேரி அரசு நவம்பர் 1ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. கீழூர் நினைவிடத்தில் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றும் வழக்கமும் விடவில்லை.

புதுச்சேரியில் ஆட்சி மாறிக்கொண்டிருந்த அதே 1954, தெற்கே குமரிப் பகுதியில் ரத்தம் சிந்திய ஆண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தமிழ் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிவந்தது. வழக்கறிஞர் நேசமணி அதன் முகம்; மக்கள் அவரை மார்ஷல் என்றே அழைத்தார்கள். தாணுலிங்க நாடார், எழுத்தாளர் பி.எஸ். மணி எனப் பலர் உடன் நின்றார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தார்கள். அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்காரர். விடுதலை பெற்ற நாட்டில் ஓர் அரசு தன் மக்களைச் சுடுவதா என்று அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அவரைப் பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. பின்னால் அந்தக் கட்சி உடைந்ததில் இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் பங்கு உண்டு. குமரி மண்ணின் ஒரு போராட்டம் வட இந்தியச் சோசலிச அரசியலின் போக்கை மாற்றியது என்பது தமிழ்நாட்டிலேயே அதிகம் பேசப்படாத செய்தி.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நவம்பர் 1 பாதி வெற்றியைத்தான் கொண்டுவந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகின. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்கே அப்போது தமிழ் பேசுவோர் ஏராளம். ஆனால் அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்பதும், அந்த மலைப்பகுதியின் வளம் கேரளத்துக்குத் தேவை என்பதும் ஆணையம் சொன்ன காரணங்களில் அடங்கும். தேயிலைக்காகக் காட்டை வெட்டித் திருத்தி அங்கேயே வாழ்ந்து மடிந்தவர்களை வந்தேறிகளாகக் கணக்கிட்டதில் நியாயம் இல்லை. முல்லைப் பெரியாறு அணை நிற்பதும் அந்தப் பீர்மேட்டில்தான். 1895இல் கட்டி முடித்த அந்த அணையின் நீரைத்தான் தேனியும் மதுரையும் சிவகங்கையும் ராமநாதபுரமும் நம்பியிருக்கின்றன. அணை மீதான வழக்குகள் ஒவ்வொன்றிலும் 1956 வரைந்த கோட்டின் நிழல் விழுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் அதே நாள் கேரளப் பிறவி. மலபாரும் காசர்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியும் ஒன்றான மகிழ்ச்சியை மலையாளிகள் ஆண்டுதோறும் கசவு உடுத்திக் கொண்டாடுகிறார்கள். மாநிலம் பிறந்த அன்று அங்கே முதலமைச்சர் யாரும் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1957 தேர்தலுக்குப் பிறகே இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை வந்தது. மலபார், தென்கன்னட மாவட்டங்களோடு ஒட்டியிருந்த அரபிக்கடல் தீவுகளும் அன்றுதான் பிரிந்து தனி ஒன்றியப் பகுதியாகின. லட்சத்தீவு என்ற பெயர் பிற்பாடு வந்தது.

கன்னடர்களுக்கு இது ராஜ்யோத்சவ நாள். பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களிலும் குடகிலும் சிதறிக் கிடந்த கன்னடப் பகுதிகள் மைசூரோடு இணைந்தன, நிஜலிங்கப்பா முதலமைச்சரானார். பெயர் மட்டும் மைசூர் என்றே நின்றது. 1973இல் தேவராஜ் அர்ஸ் அரசு அதைக் கர்நாடகம் என்று மாற்றியபோது அதற்கும் நவம்பர் 1ஐயே தேர்ந்தெடுத்தது. மஞ்சளும் சிவப்புமான கொடி அன்று பெங்களூரின் ஆட்டோக்கள் முதல் அரண்மனைகள் வரை பறக்கும். பெலகாவியில் நிலைமை வேறு. மராத்தி பேசும் மக்கள் நிறைந்த அந்த ஊர் பம்பாயிலிருந்து மைசூருக்குப் போனதை ஏற்காத மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி, நவம்பர் 1ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஒரே தெருவில் கொண்டாட்ட ஊர்வலமும் கண்டன ஊர்வலமும் போகாதபடி பார்த்துக்கொள்வது ஆண்டுதோறும் காவல்துறையின் தலைவலி. இந்த எல்லைத் தகராறை 2004இல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

ஆந்திரத்தின் அனுபவம் இன்னும் வலி மிகுந்தது. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்ட பிறகு, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது 1956 நவம்பர் 1. அந்தத் திருமணம் 58 ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனியே போனதும், மிஞ்சிய ஆந்திரம் எந்த நாளைப் பிறந்த நாளாகக் கொள்வது என்று திகைத்தது. சில ஆண்டுகள் கொண்டாட்டம் இல்லாமலே போயின. 2019இல் மீண்டும் நவம்பர் 1க்குத் திரும்பினார்கள்.

வடக்கிலும் தேதி நிலைத்துவிட்டது. மத்தியப் பிரதேசம் 1956இலும், மொழிவழிப் பஞ்சாபும் ஹரியானாவும் 1966இலும், சத்தீஸ்கர் 2000இலும் இதே நாளில் பிறந்தவை.

தமிழ்நாடு மட்டும் இந்த நாளோடு எப்படி உறவாடுவது என்று நெடுங்காலம் தயங்கியது. காரணங்கள் இருக்கின்றன. அன்று நம் மாநிலம் பெற்றதைவிட இழந்த பரப்பு பல மடங்கு. பெயரும் கிடைக்கவில்லை. தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கிய விருதுநகர் சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று இறந்தார். மூன்று வாரம்கூடக் கடக்கவில்லை, புதிய வரைபடம் வந்தது. அதன்மேல் சென்னை மாநிலம் என்ற பழைய பெயரே இருந்தது. வடக்கு எல்லையும் அன்று முடியவில்லை. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் ஓயாது போராடிய பிறகு, மத்தியஸ்தர் படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி வந்து சேர்ந்தது, திருப்பதி வரவில்லை. பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா அரசு 1967 ஜூலை 18 அன்று நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில்.

2019இல் எடப்பாடி பழனிசாமி அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. 2021 அக்டோபரில் மு.க. ஸ்டாலின் அரசு, பெயர்த் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18ஆம் தேதியே தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது. இரு தரப்புக்கும் வாதம் உண்டு. நில எல்லை அமைந்த நாளே மாநிலம் பிறந்த நாள் என்பது ஒன்று; பெயரைப் பெற்ற நாளே தன்னை உணர்ந்த நாள் என்பது மற்றொன்று. ஜூலை 18க்கு இடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நவம்பர் 1 கட்சிகளின் போட்டியில் ஒதுங்கிவிடக் கூடாது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் சிறை போனவர்களும் குண்டடிபட்டவர்களும் அந்தத் தேதியில்தான் தங்கள் கோரிக்கை பலித்ததைக் கண்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. நவம்பர் 1 அன்று பல ஆண்டுகளில் அங்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். நாகர்கோவில் நேசமணி மணிமண்டபத்தில் கட்சி வேறுபாடு இல்லாமல் மாலை அணிவிக்கிறார்கள். போராட்டத்தில் பங்கெடுத்தவர்களுக்கு எல்லைக் காவலர் என்ற பெயரில் தமிழ் வளர்ச்சித் துறை மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். இப்போது அந்தத் தொகையைப் பெறுபவர்களில் அவர்களுடைய மரபுரிமையரும் இருக்கிறார்கள்.