கேப்சிகம்

கேப்சிகம் என்பது பிறீபிஎஸ்டி பணிசெயல் முறைமையின் மையப்பகுதியான கேர்னலில், கோப்பு விவரிப்பிகளோடு வரையறுத்த உரிமைகளைப் பிணைக்கும் பாதுகாப்புப் பொறியமைவு. மிளகாய்ப் பேரினத்தின் தாவரவியற் பெயரே இதற்கு இடப்பட்டது.

யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில், ஒரு செயல்முறை திறக்கும் கோப்பு, குழாய், வலைத்தொடர்பு ஒவ்வொன்றையும் குறிக்கக் கேர்னல் கொடுக்கும் சிறு முழு எண் கோப்பு விவரிப்பி எனப்படும். 0 உள்ளீட்டுக்கும் 1 வெளியீட்டுக்கும் 2 வழுச்செய்திக்கும் வழக்கமாக உரியவை. வாசித்தல், எழுதுதல் போன்ற உரிமைகளைக் கேப்சிகம் விவரிப்பிதோறும் தனித்தனியே வரையறுக்கிறது. உரிமையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கேப்சிகத்தின் ‘அடைப்பு நிலை’ எனும் கட்டுப்பாட்டுக்குள் புகுந்த செயல்முறையால், முழுப் பாதையைச் சொல்லிப் புதிய கோப்பைத் திறக்க இயலாது. கையிலுள்ள அடைவு விவரிப்பியின் கீழேயே தேடலாம்.

இத்தகைய உரிமையைக் கையளிக்கும் கருத்தை ஜாக் டெனிஸும் ஏர்ல் வான் ஹோர்னும் 1966இல் முன்வைத்தனர். கேப்சிகத்தை றொபேட் வாட்சன், ஜொனதன் அன்டர்சன், பென் லோறி, கிறிஸ் கெனவே ஆகியோர் 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 2012இல் பிறீபிஎஸ்டி 9.0இல் சோதனைக் கூறாக வந்து, 2014இல் 10.0இல் இயல்பாக இயங்கத் தொடங்கியது.

கேப்சிகம் நிரலின் பராமரிப்பு நுட்பமானது. 9.0இல் உரிமைகள் 64 பிட் எண்ணொன்றில் அடங்கின. விவரிப்பியைத் தனியொரு உறைப் பொருள் சுற்றியிருந்தது. 10.0இல் உறை நீக்கப்பட்டு, உரிமைகள் விவரிப்பி அட்டவணைக்கே இடம்பெயர்ந்தன. 64 பிட்டை மீறியும் விரியக்கூடிய கட்டமைப்பும் அமைந்தது. ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகளில் ஓர் இழை மூடும் விவரிப்பியை மற்றோர் இழை பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். ஆதலால் ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் எத்தனை எனக் கணக்கிடும் சுட்டு எண்ணிக்கையில் நேரும் சிறு பிழையும் விடுவித்த நினைவகத்தைத் தொடும் ஆபத்தான ஓட்டையாகும். கேர்னலிடம் சேவை கோரும் புதிய முறைமை அழைப்பு சேரும்போதெல்லாம் அதனை அடைப்பு நிலையில் அனுமதிப்பதா என்பதும் முடிவுசெய்யப்பட வேண்டும்.