எந்த வகுப்பறை, யார் பணம்? - அமெரிக்காவில் சிறப்புக் குழந்தைகளின் பள்ளி வரலாறு

1919-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்று ஒரு சிறிய ஊர். அங்கே பொதுப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட 13 வயதுப் பையன் ஒருவனை, இனி வர வேண்டாம் என்று கல்வி வாரியம் சொல்லிவிட்டது. பிறவியிலேயே அவனுக்குப் பக்கவாதம் போன்ற பாதிப்பு. பேச்சு தடுமாறும், வாயில் எச்சில் வழியும். ஆனால் படிப்பில் குறை கிடையாது, மற்ற பிள்ளைகளுக்கு இணையாகத்தான் படித்தான். அவனைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சங்கடமாக இருக்கிறது, ஆசிரியரின் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொள்கிறான். இதுதான் வாரியம் சொன்ன காரணம். வேண்டுமானால் காது கேளாதோர் படிக்கும் பிரிவுக்குப் போகட்டும் என்றார்கள். பையனுக்குக் காது நன்றாகவே கேட்கும்! வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டான 1918-இல்தான் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கட்டாயக் கல்விச் சட்டம் வந்து முடிந்திருந்தது. "எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும்" என்று சொன்ன அதே அரசுகள், சில குழந்தைகளிடம் "நீ வரவே கூடாது" என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. 1893-லேயே மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றமும் இப்படி ஒரு தீர்ப்பைக் கொடுத்திருந்தது.

சிறப்புப் பள்ளிகளே அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. காது கேளாதோருக்கு ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் 1817-லேயே பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஆனால் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான். ஒன்று, வீட்டோடு இருப்பது. இன்னொன்று, ஊருக்கு வெளியே பெரிய காப்பகம். பென்சில்வேனியாவில் 1908-இல் திறந்த பென்ஹர்ஸ்ட் காப்பகத்துக்குள் 1968-இல் ஒரு தொலைக்காட்சி நிருபர் கேமராவோடு போனார். படுக்கையோடு கட்டிப்போடப்பட்ட குழந்தைகளை மக்கள் அவரவர் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்த்தார்கள்.

பெற்றோர்கள் அதற்கு முன்பே ஒன்றுசேரத் தொடங்கியிருந்தார்கள். 1950-இல் மினியாபொலிஸ் நகரத்தில் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1954-இல் வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பு (கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வைப்பது செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு) அவர்கள் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது. நிறத்துக்காக ஒரு குழந்தையை ஒதுக்குவது தவறு என்றால், குறைபாட்டுக்காக ஒதுக்குவது மட்டும் எப்படிச் சரி?

இந்தக் கேள்வியோடு பென்சில்வேனியாப் பெற்றோர் சங்கம் நீதிமன்றம் போனது. அந்த மாநிலத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத குழந்தையைப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. தாமஸ் கில்ஹூல் என்ற வக்கீல் சங்கத்துக்காக வாதாடினார். கற்கவே முடியாத குழந்தை என்று யாரும் இல்லை, ஒருவன் எழுதக் கற்பான், இன்னொருவன் தானாகச் சாப்பிடக் கற்பான், இரண்டும் கல்விதான் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு மாநில அரசு மேற்கொண்டு சண்டை போடாமல் 1971-இல் சமரசத்துக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிசையும் இருந்தது. சாதாரண வகுப்பு நல்லது, அது முடியாவிட்டால் தனி வகுப்பு, அதுவும் முடியாவிட்டால்தான் மற்ற இடங்கள். பிறகு வந்த சட்டங்களுக்கெல்லாம் இந்த வரிசைதான் விதை.

அடுத்து 1972-இல் தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. ஏழு குழந்தைகளின் பெயரில் போட்ட வழக்கு அது. அவர்களைப் போல எந்தக் கல்வியும் கிடைக்காமல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 18,000 குழந்தைகள் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. கல்வி வாரியம் மறுக்கவில்லை. "எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை" என்றது. இவ்வளவு காலம் எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்த காரணம் அப்போதுதான் வெளியே வந்தது என்று சொல்லலாம். நீதிபதி ஜோசப் வாடி கொடுத்த பதில் கணக்குப் பதிவியல் தெரிந்த யாருக்கும் புரியும். பணம் போதாவிட்டால், இருப்பதை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடு. பற்றாக்குறையின் சுமை முழுவதையும் இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் ஏற்றாதே. இந்த வரலாறு முழுவதிலும் பணத்தைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசிய தீர்ப்பு வேறு இல்லை.

அதற்குப் பிறகு பல மாநிலங்களில் வழக்குகள் குவிந்தன. கடைசியில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேல், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, 10 லட்சம் பேருக்குப் பள்ளிக் கதவே திறக்கவில்லை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1975 நவம்பர் 29 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். கொடுக்க முடியாத அளவுக்கு வாக்குறுதி கொடுக்கிறோம் என்று ஓர் எச்சரிக்கையும் வெளியிட்டார்.

சட்டம் என்ன சொன்னது? ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும். திட்டத்தை முடித்த பிறகுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். (முதலில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்றபடி திட்டம் எழுதுகிறார்கள் என்பது பெற்றோர்களின் நிரந்தரப் புகார்.) இடங்கள் ஒரு படிக்கட்டு மாதிரி. முதல் படியில் சாதாரண வகுப்பு. அடுத்தது, சாதாரண வகுப்பில் இருந்துகொண்டே தினம் சிறிது நேரம் தனி அறையில் சிறப்பு ஆசிரியரிடம் பாடம். பிறகு அதே பள்ளிக்குள் முழு நேரத் தனி வகுப்பு, தனிச் சிறப்புப் பள்ளி, வீட்டுக்கே வந்து கற்பிப்பது, மருத்துவமனை அல்லது காப்பகம். கூடுதல் உதவிகள் எல்லாம் கொடுத்தும் ஒரு படியில் சரிப்படவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். பெற்றோருக்குச் சம்மதம் இல்லையென்றால் வழக்காடலாம். அது முடியும்வரை குழந்தை ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

தனி வகுப்பு என்றால் எப்போதும் உதவிதான் என்று நினைத்துவிட முடியாது. கலிபோர்னியாவில் 1970-களில் மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 10 சதவீதம். அறிவுத்திறன் குறைந்தோருக்கான தனி வகுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்! ஐக்யூ சோதனையை வைத்துப் பிரித்ததன் விளைவு இது. லாரி பி. என்ற வழக்கில் 1979-இல் ஒரு ஃபெடரல் நீதிபதி, கறுப்பினக் குழந்தைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்ப ஐக்யூ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டார்.

அதேபோல, சாதாரண வகுப்பில் உட்கார வைத்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. இதற்கு ஏமி ரௌலியின் வழக்கைப் பார்த்தால் போதும். நியூயார்க் மாநிலத்தில் சாதாரண வகுப்பில் படித்த, காது கேளாத சிறுமி. உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரி, பள்ளி ஒரு கருவியும் கொடுத்திருந்தது. வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று பெற்றோர் (அவர்களும் காது கேளாதவர்கள்) கேட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மறுத்துவிட்டது. நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: குழந்தை ஓரளவு பயன் பெற்று, வகுப்புத் தேறிப் போனால் போதும், அவளால் எட்டக்கூடிய உயரம் முழுவதையும் எட்ட வைப்பது பள்ளியின் கடமை இல்லை. வகுப்பில் பேசுவதில் பாதிகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லையே என்று மாறுபட்ட நீதிபதிகள் எழுதினார்கள். பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு பாஸானது அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம். அதையே அவளுக்கு எதிரான சான்றாக ஆக்கிவிட்டார்கள். (ஏமி பிற்பாடு சைகை மொழிப் பேராசிரியர் ஆனார்.) 1992-இல் அமெரிக்கக் கல்வித் துறையே, காது கேளாத சில குழந்தைகளுக்குச் சாதாரண வகுப்பு தகுந்த இடமாக இல்லாமல் போகலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

சரி, பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை சிறப்புக் கல்விக்காக மத்திய அரசு தரும் என்று 1975 சட்டம் இலக்கு வைத்தது. 1982-க்குள் அந்த அளவை எட்டியிருக்க வேண்டும். வழக்கமான ஆண்டு ஒதுக்கீட்டில் அதில் பாதியைக்கூட ஒருபோதும் எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் 15 சதவீதத்துக்கும் கீழே. ஃபோர்டு சொன்னது பலித்துவிட்டது. மிச்சத்தை மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் போட வேண்டும். உள்ளூர்ப் பணம் பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருவது, எனவே பணக்கார ஊருக்கு ஒரு கதி, ஏழை ஊருக்கு ஒரு கதி. சில மாநிலங்களில் இன்னொரு கூத்தும் நடந்தது. குழந்தையைத் தனி இடத்துக்கு அனுப்பினால் மாவட்டத்துக்கு மானியம் கூடும்படி சூத்திரம் வைத்திருந்தார்கள். மானியம் அந்தப் பக்கம் இருந்தால் குழந்தையும் அந்தப் பக்கம்தானே போகும்? மானிய முறை குழந்தையைத் தனி இடத்துக்குத் தள்ளக் கூடாது என்று 1997 திருத்தத்தில் எழுத வேண்டியதாயிற்று.

பெற்றோர் பக்கம் இன்னொரு கணக்கு ஓடியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பர்லிங்டன் ஊரில் ஒரு தந்தை, பள்ளி மாவட்டம் சொன்ன இடம் சரியில்லை என்று மகனைத் தனியார் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டு வழக்குப் போட்டார். 1985-இல் உச்ச நீதிமன்றம் (அதே ரென்க்விஸ்ட்தான், இந்த முறை ஒருமனதாக) அவர் பக்கம் சொன்னது. மாவட்டம் தந்த இடம் தகாதது, பெற்றோர் தேர்ந்தெடுத்தது தகுந்தது என்று நிரூபணமானால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1993, 2009 தீர்ப்புகள் இந்த உரிமையை மேலும் விரித்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் பணத்தைக் கட்ட வேண்டியவர் பெற்றோர்! வழக்கில் தோற்றால் போனது போனதுதான். போதாக்குறைக்கு, ஜெயித்தாலும் நிபுணர்களுக்குக் கொடுத்த கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று 2006-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆக, சட்டப்படி எல்லாப் பெற்றோருக்கும் இருக்கும் இந்த வழியில் நடந்து பார்க்க, சேமிப்பு உள்ளவர்களால்தான் முடிகிறது.

மாறியதும் நிறையவே உண்டு. 2022 வாக்கில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நேரத்தின் பெரும்பகுதியைச் சாதாரண வகுப்பில் கழித்தார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் அப்படி இருப்பவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான்.

ரௌலி தீர்ப்பின் "ஓரளவு பயன்" என்ற அளவுகோல் அப்படியே 35 ஆண்டுகள் நீடித்தது. கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள என்ட்ரூ என்ற சிறுவனுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகளையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தது பள்ளி. பெற்றோர் 2010-இல் அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே அவன் மளமளவென்று முன்னேறினான். கட்டிய பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டால், கீழ் அமர்வுகள் எல்லாவற்றிலும் தோல்வி. கொஞ்சமாவது பயன் இருந்ததே, அது போதும் என்றார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் திருத்தியது. குழந்தையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றத்தை நோக்கித் திட்டம் இருக்க வேண்டும், பெயருக்குக் கொஞ்சம் பயன் போதாது என்றது. வழக்கு மீண்டும் கீழே போய், 2018-இல் பள்ளி மாவட்டம் அந்தக் குடும்பத்துக்குக் கல்விக் கட்டணமும் வழக்குச் செலவுமாகச் சுமார் 13 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. பெற்றோர் முதல் கட்டணம் கட்டி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.