ஐரோப்பிய நாடுகளிற் சூதும் சட்டமும்



சூதின் தீமையை உணர்த்தத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். சூதினால் நாடிழந்து கானேகிய பாண்டவர் கதையை நாம் கூத்திலும் கண்டிருக்கிறோம். ஐரோப்பிய நாட்டு அறநெறியாளரும் சூதைக் கண்டித்தே வந்தனர். ஆயினும் அந்நாடுகளின் வரலாற்றைப் புரட்டினால், சூதைத் தடுக்க வேண்டிய அரசே பலவேளைகளில் அதன் சொந்தக்காரனாகவும் இருந்தமை புலனாகும். காவலனும் கடைக்காரனும் ஒருவனே ஆனால், அவன் கூறும் நீதியை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் விடை தேடிய வரலாற்றையே இன்று கூற விரும்புகின்றேன்.

வெனிஸ் குடியரசு 1638ஆம் ஆண்டிலே ‘றிடொற்றோ’ என்னும் சூதாட்ட மண்டபத்துக்கு அனுமதி அளித்தது. 1774இல் அதனை மூடிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரான்சிய மன்னர் இராணுவப் பாடசாலை ஒன்றுக்குப் பணம் திரட்ட லொத்தர் நடத்தினார். அதனை அமைக்க உதவியோருள் வெனிஸ் நகரத்துக் கசனோவாவும் ஒருவர். அடுத்த நூற்றாண்டில் மக்கள் மனம் மாறியது. பிரித்தானியா 1826இலும் பிரான்சு 1836இலும் அரச லொத்தரை ஒழித்தன. ஆனால் திறைசேரியின் தேவை ஒழியவில்லை. 1933இல் பிரான்சு மீண்டும் தேசிய லொத்தரைத் தொடங்கியது.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆறு நாடுகள் உரோமாபுரியிற் கூடி உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. பண்டமும் சேவையும் எல்லை கடந்து தடையின்றிச் செல்லவேண்டும், போட்டியைக் கெடுக்கும் கூட்டுக்கள் ஒழியவேண்டும் என்பன அதன் கொள்கைகள். அப்படியாயின், ஒரு நாட்டின் லொத்தர்ச் சீட்டை மற்றொரு நாட்டில் விற்கலாமா?

சட்டநூல்களில் ‘ஷிண்ட்லர் வழக்கு’ என வழங்கும் வழக்கில் இவ்வினா எழுந்தது. தென் ஜேர்மனிய லொத்தர் ஒன்றின் முகவர்கள், நெதர்லாந்திலிருந்து பிரித்தானிய மக்களுக்கு ஏறக்குறைய 20,000 கடிதங்களை அனுப்பினர். சுங்கப் பகுதியினர் அவற்றை டோவர்த் துறைமுகத்திற் கைப்பற்றினர். லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1994 மார்ச் மாதத்தில் தீர்ப்புக் கூறியது. லொத்தரும் ஒரு சேவையே. எனினும் மோசடியைத் தடுக்கவும் மக்களைக் காக்கவும் ஒரு நாடு அதனைத் தடைசெய்யலாம் என்றது. பிரித்தானியா வென்றது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் மாதத்திற் பிரித்தானியா தன் சொந்தத் தேசிய லொத்தரின் முதற் சீட்டிழுப்பை நடத்தியது!

அடுத்த பெரும் வழக்கு இத்தாலியில் எழுந்தது. லிவர்ப்பூல் நகரத்துப் பந்தய நிறுவனம் ஒன்றுக்காக இத்தாலிய முகவர்கள் இணையத்தின் மூலம் பந்தயங்களை ஏற்று அனுப்பினர். அவர்கள் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. ‘காம்பெல்லி வழக்கு’ எனப்படும் இதிலே, 2003 நவம்பர் மாதத்தில் நீதிமன்றம் ஒரு தெளிவான நெறியை வகுத்தது. திறைசேரியின் வருவாய்க்காகத் தன் மக்களைச் சூதாடத் தூண்டும் அரசு, சூதைக் குறைக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டிப் பிறரைத் தடுக்கமுடியாது என்பதே அந்நெறி.

இதனால் அரச ஏகபோகம் யாவும் வீழ்ந்துவிட்டன என்று எண்ணிவிடலாகாது. போர்த்துக்கலில், 1498இல் நிறுவப்பெற்ற லிஸ்பன் தருமசபை 1783 முதல் லொத்தர் நடத்தும் உரிமை பெற்றிருந்தது. இணையச் சூதில் ஆடுவோனும் நடத்துவோனும் நேரிற் சந்திப்பதில்லை; ஆகையால் மோசடிக்கு இடம் அதிகம் எனக் கூறி, 2009 செப்டெம்பரில் நீதிமன்றம் அச்சபையின் தனியுரிமையை ஆதரித்தது. சரியாக ஓராண்டின் பின், ஜேர்மனியின் ஏகபோகத்தை அது ஐயுற்றது. ஒருபுறம் அரச லொத்தருக்குப் பெரும் விளம்பரம், மறுபுறம் சூதாட்ட இயந்திரங்களின் பெருக்கத்துக்கு இடம் கொடுத்தல். இவ்விரண்டும் சூதைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு ஒவ்வாதன என்றது.

அப்படியானால் கதவைத் திறந்து போட்டிக்கு விட்டுவிடுவதுதான் தீர்வா? பாணிலும் துணியிலும் போட்டி வந்தால் விலை குறையும், தரம் உயரும். சூதிலோ போட்டியிடுவோரின் திறமை, மேலும் பலரை ஆடவைப்பதிலேயே விளங்குகிறது. 2016இல் பிரித்தானியாவின் இருபெரும் பந்தய நிறுவனங்களான லாட்புறோக்சும் கோறலும் ஒன்றுசேர முற்பட்டன. போட்டி குன்றாதிருக்க, 350 முதல் 400 வரையான கடைகளை விற்கவேண்டும் எனப் போட்டிக் காப்பு அதிகாரசபை பணித்தது. கடைகளுக்கிடையே போட்டி காக்கப்பட்டது. ஆடுபவனின் குடும்பம் காக்கப்பட்டதா? அதற்கு வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. பந்தயக் கடை இயந்திரங்களில் ஓர் ஆட்டத்துக்கு 100 பவுண் வரை வைக்கலாம் என்றிருந்ததை, 2019 ஏப்பிரலில் 2 பவுணாகக் குறைத்தனர்.

இத்தாலியும் தன் வழியை மாற்றிக்கொண்டது. 2018இல் அந்நாடு சூதாட்ட விளம்பரங்களைத் தடைசெய்தது. ஆனால் அத்தடையிலிருந்து நாட்டின் மரபுவழித் தேசிய லொத்தருக்கு விலக்களித்தது!

அரசு துறவியாக வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. தடுப்பதாயின் மனமாரத் தடுக்கவேண்டும் என்றே கேட்டது. ஓர் அரசின் சட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதோடு, அது தன் விளம்பரத்தில் என்ன கூறுகிறது என்பதையும் நீதிபதிகள் பார்த்தார்கள். சம்பளநாளன்று வீடு திரும்பும் வழியிற் கடைவாசலில் நின்று தயங்கும் ஏழைத் தொழிலாளியைக் காப்பது எந்தச் சட்டம் என அறிய, நாமும் அவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.