ஒரு பைட்டுக்குள் ஒரு காடு

1982இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'பிட்ஃபால்' விளையாட்டில் காடு 255 திரைகளுக்கு நீளும். குழி, முதலை, உருண்டுவரும் மரக்கட்டை, சுரங்கத்தில் தேள் என வழிநெடுக ஆபத்து. இத்தனையையும் அடக்கிய கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 4 கிலோபைட். அது ஓடிய அதாரி 2600 கன்சோலின் ரேம் வெறும் 128 பைட்.

விளையாட்டை உருவாக்கிய டேவிட் கிரேன் காட்டைச் சேமித்து வைக்கவே இல்லை. ஒரே ஒரு பைட்டை வைத்துக்கொண்டார். அதன் எட்டு பிட்டுகளையும் ஓரிடம் நகர்த்தி, காலியாகும் இடத்தைப் பழைய பிட்டுகள் சிலவற்றிலிருந்து கணக்கிட்டு நிரப்பினால் அடுத்த திரையின் எண் கிடைத்துவிடும். மரங்கள் எப்படி நிற்கும், குழி எந்த வகை என்பதெல்லாம் அந்த பிட்டுகளைப் பொறுத்தது. கணக்கைத் திருப்பிப் போட்டால், கடந்துவந்த திரை மாறாமல் வந்து நிற்கும். தொடக்க எண் எப்போதும் 196. ஆகவே யார் ஆடினாலும் அதே காடுதான்.

இடநெருக்கடி தீர்ந்து பல காலம் கழித்து, 2008இல், டெரெக் யூவின் 'ஸ்பெலங்கி' விண்டோஸில் இலவசமாக வந்தது. இதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குகை புதிது. நான்குக்கு நான்காக 16 அறைகள். மேல்வரிசையில் ஓர் அறையில் நுழைவு. பிறகு நிரல் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை எடுக்கும்: ஒன்றோ இரண்டோ வந்தால் இடப்பக்கம், மூன்றோ நான்கோ என்றால் வலப்பக்கம், ஐந்து என்றால் கீழே. சுவரில் முட்டினாலும் கீழேதான். இப்படி வெளியேறும் வாசல்வரை வழி போட்ட பிறகே மற்ற அறைகள் நிரம்பும். 'மாரியோ'வை மனப்பாடமாக ஆடியவர்களின் பாச்சா இங்கே பலிக்கவில்லை. அதுதான் இதன் ருசியே.

ஆனால் அது கணினியோடு நின்றது. கன்சோலுக்கு, எக்ஸ்பாக்ஸ் 360க்கு, வர 2012 ஆயிற்று. கணினியில் யார் எழுதிய நிரலும் ஓடும்; கன்சோலோ, அதைத் தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத நிரலை ஏற்காது. நிண்டெண்டோவின் வீ கன்சோலில் அந்தப் பூட்டை உடைத்தது, வேடிக்கையாக, ஒரு குதிரையின் பெயர். 'செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்' விளையாட்டில் குதிரைக்கு நாமே பெயர் வைக்கலாம். 2008இல் வந்த 'ட்வைலைட் ஹேக்', அளவுக்கு மீறி நீண்ட பெயர் கொண்ட ஒரு சேமிப்புக் கோப்பு. எஸ்டி கார்டு வழியாக அதை ஏற்றி, விளையாட்டைத் திறந்து, எதிரில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். பெயர் தனக்குரிய இடத்தைத் தாண்டி வழிய, வெளியார் நிரல் ஓடத் தொடங்கும். ஆர்வலர்கள் தாமே எழுதிய ஹோம்ப்ரூ விளையாட்டுகளும் பழைய அதாரி ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டர்களும் அந்த வழியாகத்தான் வீக்குள் நுழைந்தன. திருட்டுப் பிரதிகளும்தான்.

நிண்டெண்டோ அப்டேட் மேல் அப்டேட்டாக விட்டு, 2009இல் அந்த ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டில் 'பேனர்பாம்ப்' என்ற இன்னொரு ஹேக் வந்தது. அதற்கு விளையாட்டு வட்டுகூடத் தேவைப்படவில்லை. எஸ்டி கார்டு மட்டும் போதும்.