மெல்லிய ஹவானா சுருட்டு

கியூபாவில் கையால் சுருட்டப்படும் சுருட்டுகளுள் பருமன் குறைந்தவை இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. பருமனை அளக்கும் அலகைக் கியூபர்கள் 'செப்போ' என்பார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி, சுருட்டின் குறுக்களவு அதில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 40-க்கு உட்பட்டவற்றை மெல்லியவை என்று கொள்ளலாம். இவற்றுள் தலையாயது 'லான்செரோ'. ஈட்டி வீரன் என்று பொருள். நீளம் 192 மில்லிமீட்டர், பருமன் 38, அதாவது சுமார் 15 மில்லிமீட்டர். வாய் வைக்கும் முனையில் இலையைத் திருகி எலிவால் போல விட்டிருப்பார்கள்.

லான்செரோ என்பது கடைப் பெயர். ஆலைக்குள் அதன் பெயர் 'லாகித்தோ எண் 1'. ஹவானாவின் புறநகரில் ஒரு பழைய மாளிகையில் இயங்கும் எல் லாகித்தோ ஆலையிலிருந்து வந்த பெயர் இது. பிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் புகைத்த பெயரில்லாச் சுருட்டு தலைவருக்குப் பிடித்துப்போக, அதைச் சுருட்டிய எடுவார்தோ ரிவேராவை அழைத்து அவருக்கென்றே செய்யச் சொன்னார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. 1966-இல் அதற்குக் கோயிபா என்ற பெயர் அமைந்தது. வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் பரிசாக மட்டுமே போய்க்கொண்டிருந்த கோயிபா 1982-இல்தான் கடைக்கு வந்தது. அப்போது வந்த அளவுகள் மூன்று: லான்செரோ, கொரோனா எஸ்பெசியால், பனத்தேலா. முதலிரண்டின் பருமன் 38, மூன்றாவதன் பருமன் வெறும் 26. கியூபாவின் மிக உயர்ந்த சுருட்டு என்று சொல்லப்பட்டதில் தடித்த அளவு ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு இதை நம்பக் கடினம்.

ஜெனீவா வணிகர் சீனோ டேவிடாஃபின் பெயரில் கியூபாவில் தயாரான டேவிடாஃப் எண் 1, எண் 2 ஆகியனவும் இதே மெல்லிய வார்ப்பில் வந்தவை. மோன்தெகிறிஸ்தோ என்ற கியூபச் சுருட்டு வரிசையின் 'எஸ்பெசியால்' அதே குடும்பம். தரம் குறித்த சச்சரவில் டேவிடாஃப் நிறுவனம் 1989-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளை எரித்துவிட்டு, உற்பத்தியை டொமினிக்கன் குடியரசுக்கு மாற்றிக்கொண்டது. மெல்லிய சுருட்டுக்கு இருந்த பெரிய வாசல் ஒன்று அத்துடன் மூடியது.

அதே 1989-இல் கோயிபா வரிசையில் 'ரொபுஸ்தோ' சேர்ந்தது. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. குட்டையும் தடிப்புமான இந்த உருவந்தான் அடுத்த தலைமுறையின் அளவுகோலானது. 1992-இல் அமெரிக்காவில் 'சிகார் அஃபிசியனாடோ' இதழ் தொடங்கியதையொட்டிச் சுருட்டு மோகம் பரவியது. புதிதாக வந்தவர்கள் கையில் கனமாக இருப்பதையே காசுக்கு ஏற்ற பொருளாகக் கண்டார்கள். பின்னர் உணவகங்களிலும் விடுதிகளிலும் புகைத்தடை வந்தது. ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து புகைக்க இடம் எங்கே? நீளம் குறைந்து தடிப்பு கூடியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நான் இதற்கு அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். தடைகள் பரவுவதற்கு முன்பே காற்று திசை மாறிவிட்டது.

பெரிய காரணம் சுருட்டும் மேசையில் இருக்கிறது. உள்ளே வைக்கும் இலைகளில் 'லிகேரோ' தடித்தது, காரமானது, மெதுவாக எரிவது. அது நட்டநடுவில் அமைய வேண்டும். பருமன் 52 என்றால் கை சற்றுத் தவறினாலும் சமாளிக்க இடமுண்டு. 38-இல் அந்த இடம் கிடையாது. அரை இலை கூடினால் புகை இழுபடாது, குறைந்தால் சூடேறிக் கசக்கும். 1990-களின் கடைசியில் ஏற்றுமதி அவசரத்தில் புதுக் கைகளை நிறைய அமர்த்தியபோது, அடைத்துக்கொண்ட சுருட்டுகள் பற்றிய முறையீடு குவிந்தது. அதில் அதிகம் அடிபட்டவை மெல்லியவையே. காற்றிழுவையைச் சோதிக்கும் கருவிகள் ஆலைகளுக்கு வந்ததெல்லாம் அதன் பிறகு.

தேர்ந்த சுவைஞர்கள் லான்செரோவை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. சுருட்டின் வாசம் பெரிதும் மேலே சுற்றிய இலையில் இருக்கிறது, மெல்லியதில் அந்த இலையின் பங்கு கூடுதல் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் புகழ்கிற வாய்தான் கடையில் ரொபுஸ்தோ கேட்கிறது.

புதிய வரவுகளின் எண்களே மிச்சத்தைச் சொல்லும். 2002-இல் கோயிபா சிக்லோ 6, பருமன் 52. 2004-இல் மோன்தெகிறிஸ்தோ எட்முண்டோ, அதுவும் 52. 2010-இல் ரோமியோ இ ஜூலியேத்தாவின் அகலச் சர்ச்சில், 55. அதே ஆண்டு கோயிபா பெய்க்கே வந்தபோது அளவுகளுக்கு வேறு பெயரே வைக்கவில்லை. 52, 54, 56 என்ற பருமனே பெயராகிவிட்டது. 56-இன் வெட்டுப் பரப்பு லான்செரோவினுடையதைப் போல இருமடங்குக்கும் மேல்.

திரினிதாத் என்ற மற்றொரு பரிசுச் சுருட்டு 1998-இல் கடைக்கு வந்தபோது அதற்கு இருந்தது 'ஃபுந்தடோரெஸ்' என்ற ஒரே அளவு, பருமன் 40. 2014-இல் திரினிதாத் பெயரில் வந்த 'விகியா'வின் பருமன் 54.