மலையில் இராத் தங்கியவர்கள்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் மருதானைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரே பேச்சு கெபின்தான். ஒஹிய, பட்டிப்பொல என்று ஹோட்டன் சமவெளிக்குக் கிட்டிய இடங்களில் மரக் கெபின், கூடாரம், இரவில் நெருப்பு மூட்டிக் கோழி சுடுவது. போகலாமா என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்டார்கள். தாராளமாகப் போங்கள். வாடகை பற்றியும் குளிர் பற்றியும் போய் வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அந்த மலைகளில் இதற்கு முன்னர் யார் யார் இராத் தங்கினார்கள் என்பதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெயர். கண்ணாஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டி கறுவாத் தோட்டப் பக்கம் நடந்தால் வோர்ட் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், ஹோட்டன் பிளேஸ் என்று வரும். எல்லாம் வெள்ளைக்காரத் தேசாதிபதிகளின் பெயர்கள். 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர்தான் மலைக்கும் போனது. 1834இல் பிஷர், வொட்சன் என்ற இரண்டு இராணுவ அதிகாரிகள் அந்தச் சமவெளியைக் "கண்டுபிடித்ததாக" இன்றும் சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. மகா எலிய என்று அதற்கு முன்பே பெயர் இருந்த இடம் அது. பெயர் வைத்தவன் ஒருவன் இருந்திருக்கிறான், அவன் அங்கே போயிருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

வானம் தெளிந்த காலையில் அந்தப் பக்கத்து உச்சிகளிலிருந்து பாவாத மலை தெரியும். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புத்தளத்துக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு அந்த மலைக்குப் போனார். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினார், சாமான் சுமக்கவே 15 பேர். உச்சிக்குக் கீழே ஹிழ்ர் (அலை) பெயரால் அழைக்கப்பட்ட ஒரு குகை இருந்தது. யாத்திரிகர்கள் பொருட்களை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையிலும் மாலையிலும் உச்சிக்கு ஏறி இறங்குவது வழக்கம் என்றும் தாமும் அப்படியே செய்ததாகவும் எழுதியிருக்கிறார். பிஷரும் வொட்சனும் வருவதற்கு 490 வருடங்களுக்கு முன்னர், மலை நாட்டில் மூன்று இரவு தங்கும் வழக்கம் ஒன்று எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

யாத்திரிகர் மட்டுமல்ல. கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துத் திணைக்களத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றின, பாக்கை இறக்கின. வழியில் இரவானால் தங்குவதற்கு அம்பலம் இருந்தது. நாலு தூண், மேலே கூரை, சுற்றிவர உட்காரத் திண்ணை. யாத்திரிகனும் வியாபாரியும் அங்கே படுத்து எழும்பிப் போகலாம், வாடகை கிடையாது. சில அம்பலங்கள் குருநாகல், கேகாலைப் பக்கங்களில் இன்றும் நிற்கின்றன.

வெள்ளைக்காரன் றோட்டுப் போட்டதும் வாடி வீடு வந்தது. அது பெரும்பாலும் அரசாங்க அதிகாரிகளுக்கும் ஐரோப்பியருக்கும் என்றே கட்டப்பட்டது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்றொருவர், பதுளையில் உதவி அரசாங்க அதிபர். சுமார் 1,400 யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். 1845 ஜூனில் அப்புத்தளை வாடி வீட்டில் இடிமழைக்கு ஒதுங்கியிருந்தவர், மழை விட்டதா என்று வெளியே பார்க்கப் போய் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் ஹோட்டன் சமவெளியில் வேட்டை நாய்களை விட்டு மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதைத் தானே பெருமையாகப் புத்தகம் எழுதி 1854இல் வெளியிட்டார். நாம் நின்று படம் எடுக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான். இன்று அந்தச் சமவெளியில் ஒரு யானைகூட இல்லை.

வேட்டைக்கு வரும் துரைமார் தங்குவதற்கே ஒரு வீடும் கட்டப்பட்டது. தோமஸ் ஃபார் என்ற தோட்டத் துரையின் பெயரால் அது ஃபார் இன். பிறகு அது பயணிகள் விடுதியாகி, இப்போது பூங்காவின் தகவல் நிலையமாக இருக்கிறது. முன்பு துப்பாக்கியைச் சாத்தி வைத்த வீட்டு வாசலில் இன்று மரைகள் பயமில்லாமல் மேய்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் அவற்றுக்கு பிஸ்கட் கொடுக்காதீர்கள். உறையையும் சேர்த்தே விழுங்கிவிடும். வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்குவது அதற்காகத்தான், அதிகாரிகளோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

காடு மிஞ்சியதற்குக் காரணம் வேறு. கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தபோது, 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடும்படி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். 1969இல் சரணாலயம், 1988இல் தேசிய பூங்கா, 2010இல் உலக மரபுரிமை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே ஊற்றுகள் உண்டு. அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்கு வரும் தண்ணீர் களனியின் தண்ணீர். எங்கள் வுழூ அதில்தான்.

பூங்காவுக்குள்ளே வனஜீவராசிகள் திணைக்களத்தின் தங்கும் வீடுகள் உண்டு. கினிஹிரிய அதில் ஒன்று, முன்பு அண்டர்சன் லொட்ஜ் என்று பெயர். இனி வேட்டைக்காரனாக இருக்கத் தேவையில்லை, காசும் பதிவும் இருந்தால் போதும். மார்கழி, தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனி பார்க்கலாம். அதைப் பார்ப்பதற்கே ஒரு இரவு தங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கெபினுக்குப் போகும் வழியில் தேயிலைத் தோட்டங்கள் வரும், லயன்கள் வரும். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் இடம். 10 அடிக்கு 12 அடி அறை, அதில் ஒரு முழுக் குடும்பம். நாங்கள் மாணவர்களோடு போனபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ரெண்டுமே சின்ன அறதானே, ஏன் அதுக்கு மட்டும் இவ்வளவு காசு?" ஒரு இரவு வாடகை அந்தத் தோட்டத்துப் பெண்ணின் பல நாள் சம்பளம். விருந்தாளிக்குச் சுடுநீர் வருகிறது. பக்கத்திலே ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறவர்களை, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த நாட்டவரே இல்லை என்றது. அந்தக் கதை சட்டப்படி முடிய 2003 ஆகிவிட்டது.

இன்று கூகுள் வரைபடத்தில் தேடினால் ஒவ்வொரு கெபினும் பெயரோடு தெரியும், வேன் சாரதி நேரே வாசலில் கொண்டுபோய் விடுவார். பெரும்பாலான லயன் வீடுகளுக்கு இன்னும் தனி விலாசம் இல்லை. வங்கியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ அங்குள்ள ஒரு பிள்ளைக்குக் கடிதம் வந்தால், அது முதலில் தோட்டத்து ஒபீசுக்குத்தான் போகிறது.